கதிர் ஏன் பஞ்சாபி படிக்கிறான்?

குழு: வள்ளியம்மாள் வீடு
ஞாயிறு, காலை 10.14

கதிர்: (படம்: கோடு போட்ட நோட்டில் பஞ்சாபி எழுத்துகள்)

கதிர்: ஊடா, ஐடா, ஈடி, சஸ்ஸா, ஹாஹா... 35 எழுத்தையும் பார்க்காமல் எழுதிவிட்டேன்.

சுதா அத்தை: வேலைக்கு என்று பஞ்சாபில் லூதியானா போய் ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாயா? கம்பெனியில் எல்லாரும் இந்தி பேசுவார்கள் என்றாயே.

கதிர்: பேசுவார்கள் அத்தை, என்னிடம். கம்பளி நூல் விலையை அவர்களுக்குள் பேசும்போது பஞ்சாபி. நான் அங்கே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ராஜாமணி மாமா: திருப்பூரில் நாமும் அதைத்தானே செய்கிறோம். வெளியூர்க்காரர் எதிரிலேயே தமிழில் விலையை முடிவு செய்துவிட்டு அப்புறம்தான் அவர் பக்கம் திரும்புவோம் 😄

சுதா அத்தை: இந்தியையே கொஞ்சம் இழுத்துப் பேசினால் பஞ்சாபிதானே? அதற்கு எதற்கு நோட்டு?

கதிர்: இதை எங்கள் வீட்டுக்கார அம்மா பீபி ஜியிடம் சொல்லிவிடாதீர்கள், எனக்கு ரொட்டி கிடைக்காது.

கதிர்: இந்தியில் தண்ணீர் 'பானி'. இங்கே 'பாணி', மூன்று சுழி ண. இந்தியில் ஏழு 'சாத்', காது 'கான்'. இங்கே 'சத்த்', 'கன்ன்'. எல்லாம் அழுத்தி வரும். நமக்கு அது தானாக வருகிறது.

பெரியப்பா: இந்தி, பஞ்சாபி இரண்டுக்கும் முந்திய பழைய பிராகிருதத்தில் ஏழு 'சத்த', எட்டு 'அட்ட'. நாம் அட்டமி என்கிறோமே, அதே 'ட்ட'. இந்தி ஒரு மெய்யைக் கைவிட்டு உயிரை நீட்டிக்கொண்டது. பஞ்சாபி பழையபடியே வைத்திருக்கிறது. ள உண்டா கதிர்?

கதிர்: உண்டு பெரியப்பா! 'கோளி' என்றால் மாத்திரை, துப்பாக்கிக் குண்டும் அதுதான். 'கோலி' என்றால் பணிப்பெண். ல-வுக்குக் கீழே புள்ளி வைத்தால் ள. பாதிப் பேர் புள்ளியே வைப்பதில்லை, படிக்கிற நாம்தான் ஊகிக்க வேண்டும்.

ராஜாமணி மாமா: ழ?

கதிர்: இல்லை மாமா. இருந்தாலும் நீங்கள் அதை ள என்றுதான் சொல்வீர்கள்.

அம்மா: மாமாவிடம் அப்படிப் பேசாதே. அங்கே மாமாவை எப்படிக் கூப்பிடுவார்கள்?

கதிர்: மாமாதான் அம்மா. அவர் மனைவி மாமி. பெரியப்பா 'தாயா', சித்தப்பா 'சாச்சா'. ஆனால் மாமனாரை மாமா என்று கூப்பிட்டால் முழிப்பார்கள். அம்மாவுடைய அண்ணன் தம்பி மட்டும்தான் மாமா.

சுதா அத்தை: சரி, எல்லாம் சுலபம் என்கிறாய். அப்புறம் எதற்கு இரண்டு மாதமாகப் படிக்கிறாய்?

கதிர்: சுரம் அத்தை. சீன மொழி மாதிரி குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு. மாப்பிள்ளை ஏறி வரும் பெண் குதிரை 'கோடி'. இந்தி மாதிரி இங்கேயும் நாலு க உண்டு. எழுத்தில் நாலாவது க போடுவார்கள், வாயில் அது முதல் க ஆகிவிடும், கூடவே குரல் இறங்கும். போன வாரம் ஒரு கல்யாணத்தில் 'கோடி வந்தாச்சு' என்று குரலை ஏற்றிக் கத்தினேன். தொழுநோயாளி வந்தாச்சு என்று ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் திரும்பிப் பார்த்தார்கள்.

ராஜாமணி மாமா: எனக்குக் கோடி வந்தால் எந்தக் குரலில் வேண்டுமானாலும் சொல்.

நிலா: இப்போதுதான் பார்த்தேன். இங்கே கனடாவில், சர்ரேயில் கடைப் பலகை, நூலகம், எங்கே திரும்பினாலும் பஞ்சாபிதான். பனிக்கட்டி மேல் ஆடுகிற ஹாக்கிக்குக்கூட 2008இலிருந்து பஞ்சாபி வர்ணனை இருக்கிறது. விதிமுறை தெரியாத நானே அந்தக் கத்தலுக்காகப் பார்ப்பேன்.

நிலா: கதிர், உன் படத்தை என் அறைத்தோழியிடம் காட்டினேன். லாகூர்ப் பெண், வீட்டில் பஞ்சாபிதான். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியவில்லை! நீ முன்பு அனுப்பிய குரல் பதிவைப் போட்டேன், முழுவதும் புரிந்து சிரிக்கிறாள்.

கதிர்: அவர்கள் எழுதுவது ஷாமுகி, உருது மாதிரி வலமிருந்து இடம். இங்கே குர்முகி. சீக்கியர்களின் இரண்டாம் குரு அங்கத் தேவ் ஒழுங்குபடுத்திய எழுத்து.

நிலா: அதுவும் அவளுக்குச் சரியாக எழுத வராதாம். பள்ளியில் உருதுவும் ஆங்கிலமும்தான். பாகிஸ்தானில் அதிகம் பேரின் தாய்மொழி பஞ்சாபி என்கிறாள், ஆனால் அதில் ஒரு கடிதம் எழுதியதில்லையாம். சொல்லும்போது சிரித்தாள், எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

பெரியப்பா: இந்தப் பக்கமும் சுலபமாக நடக்கவில்லை. பஞ்சாப் மொழிவாரி மாநிலமானது 1966 நவம்பர் 1. நமக்குப் பத்து வருடம் கழித்து, அதே தேதி. அதற்கு முன் கணக்கெடுப்பில், வீட்டில் பஞ்சாபி பேசியவர்களிலேயே பலர் தாய்மொழி இந்தி என்று எழுதிக் கொடுத்தார்கள். மதமும் அரசியலும் சேர்ந்துகொண்டன.

சுதா அத்தை: பேசுகிற மொழியையே இல்லை என்பார்களா?

பெரியப்பா: உன் பேத்தியிடம் தமிழில் ஒரு கேள்வி கேட்டுப் பார் சுதா.

சுதா அத்தை: ...

அம்மா: அது இருக்கட்டும். பீபி ஜிக்கு நான் ஒரு வார்த்தை பேசி அனுப்புகிறேன். சாப்பிட்டாச்சா என்று எப்படிக் கேட்பது?

கதிர்: 'ரோட்டி கா லயீ ஜி?' கா-வில் கொஞ்சம் காற்று விட வேண்டும்.

அம்மா: (குரல் பதிவு, 4 விநாடி)

காலை 11.02

கதிர்: (குரல் பதிவு, 1 நிமிடம் 48 விநாடி)

கதிர்: பீபி ஜியின் பதில். எனக்கே பாதிதான் பிடிபட்டது.

அம்மா: 'கதிர்' நாலு தடவை, 'பராட்டா' மூன்று தடவை வருகிறது. ஏன்டா தட்டில் மிச்சம் வைக்கிறாய்?