வாரண்ட் இல்லாமல் அறையைச் சோதனை போட்டார்கள், போனும் போய்விட்டது. உதவி தேவை

பூன்லே ராஜா:
வணக்கம். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அறை எடுத்து மூன்று பேர் தங்கியிருக்கிறோம். முந்தாநாள் ராத்திரி போதைப்பொருள் அதிகாரிகள் வந்து அறை முழுக்கத் தேடினார்கள். வாரண்ட் எதுவும் காட்டவில்லை. கூட இருந்தவரைக் கைது செய்துவிட்டார்கள். எனக்குச் சிறுநீர்ச் சோதனை, பிறகு போனை எடுத்துக்கொண்டார்கள். நாளை வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். வாரண்ட் கேட்டிருக்க வேண்டுமா? 48 மணி நேரத்தில் நண்பரை விட்டுவிடுவார்களா?

தேக்கா மணி:
தம்பி, கேட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. சாதாரண வழக்கில் பொதுவாக நீதிமன்றத்திடம் வாரண்ட் வாங்குவார்கள். போதைப்பொருள் சட்டத்தின் 24ஆம் பிரிவு அதற்கு விதிவிலக்கு: நியாயமான சந்தேகம் இருந்தால் எந்த நேரத்திலும் நுழைந்து தேடலாம். சிறுநீர் கொடுக்கத் தகுந்த காரணமின்றி மறுத்தால் அதுவே தனிக் குற்றம். கொடுத்தது நல்லது.

உட்லண்ட்ஸ் செல்வி:
48 மணி நேரம் என்பது விடுதலைக்கான கெடு இல்லை. அதற்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அவர் காவலை நீட்டிக்கலாம். நண்பர் குடிமகனா? வெறும் பயன்பாடு என்றால் நீதிமன்றம் போகாமலே மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்ப போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் இயக்குநர் உத்தரவு போடலாம்.

குமரன்:
விசாரணையே இல்லாமல் அடைத்து வைக்க 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. 2024இல் மேலும் 5 ஆண்டு நீட்டித்தார்கள்.

தேக்கா மணி:
அது ரகசியக் கும்பல் மாதிரி விவகாரங்களுக்கு. அவரே பயந்துபோய் இருக்கிறார், விடுங்கள்.

பூன்லே ராஜா:
நண்பர் குடிமகன் இல்லை, பர்மிட்டில் இருக்கிறார், நானும்தான். போன் எப்போது வரும்? வங்கி எல்லாம் அதில்தான்.

உட்லண்ட்ஸ் செல்வி:
சீக்கிரம் எதிர்பார்க்காதீர்கள். விசாரணைக்குத் தேவைப்படும்வரை வைத்திருக்கலாம். ஓராண்டு ஆனால் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும். எடுத்த பொருள்களின் பட்டியல் கையில் இல்லையென்றால் நாளை கேட்டு வாங்குங்கள். சிம் மாற்றுவதற்கு முன் அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

போனைவிட வாக்குமூலம்தான் முக்கியம். கேட்டதற்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும், ஆனால் உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடியதைச் சொல்லக் கட்டாயமில்லை. ஒருவர் வைத்திருந்த போதைப்பொருளை மற்றவர் தெரிந்தும் சம்மதித்தும் இருந்தால், அவரும் வைத்திருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் "ஏதோ செய்கிறார் என்று தெரியும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். பார்த்தது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். படித்துக் காட்டி, தப்பைத் திருத்திய பிறகே கையெழுத்து. உள்ளே இருப்பவருக்கு வழக்கறிஞரைப் பார்க்கத் தாமதமாகலாம். நீங்கள் வெளியில்தானே இருக்கிறீர்கள், இன்றே ஒருவரைப் பாருங்கள். காசு இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி தரும் புரோ போனோ எஸ்ஜி அமைப்பிடம் கேளுங்கள்.

பூன்லே ராஜா:
சரி அக்கா, பக்கத்து அறைக்காரர் போனில் இப்போதே கூப்பிடுகிறேன்.