அம்மாச்சி சேலையும் புது மெஷினும்

குழு: செல்லூர் வீட்டுச் சொந்தங்கள்

நான்: எல்லோருக்கும் வணக்கம். அம்மாச்சியோட சுங்குடிச் சேலை ஏழு என் பீரோவில் கிடக்கிறது. மக்கிப் போவதற்குள் வெட்டி ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு ஷீட் வைத்து, பேரன் பேத்திகளுக்கு ஆளுக்கொரு போர்வை தைக்கலாம் என்று இருக்கிறேன். அதற்காகப் புது தையல் மெஷின் வாங்க வேண்டும். எது நல்லது, சொல்லுங்கள்.

பெங்களூர் தம்பி: கம்ப்யூட்டர் மெஷின் வாங்குக்கா. 100, 200 டிசைன் வருகிறது. லிங்க் அனுப்பவா?

மதினி: டிசைனை வைத்து என்ன செய்ய தம்பி? என்னிடம் இருப்பதில் 21 டிசைன். நாலு வருஷத்தில் நான் தொட்டது நேர்தையலும் ஜிக்ஜாக்கும்தான். மீதி 19 சும்மா கிடக்கிறது.

நான்: போன வருஷம் ஆன்லைனில் ஒரு குட்டி மெஷின் வாங்கி ஏமாந்தது போதும். தலையணை உறை தைக்கவே திணறியது, ஜீன்ஸ் மடிப்பில் ஊசி ஏறியதும் ஒரு உறுமல் உறுமிவிட்டு அப்படியே படுத்துவிட்டது.

சித்தி (உசிலம்பட்டி): மெஷின் கிடக்கட்டும். எங்க அம்மா சேலையை வெட்டப் போறேன்னு எழுதியிருக்கியே, யாரைக் கேட்டு?

சித்தி (உசிலம்பட்டி): இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

நான்: சித்தி நான் படித்துவிட்டேன் 🙏

செல்லூர் மாமா: இது மாமா. எனக்குக் கண் தெரியவில்லை, நான் சொல்லச் சொல்லப் பேத்தி அடிக்கிறாள். மீனாட்சி கோயில் எதிரே புது மண்டபத்தில் உட்கார்ந்து தைத்த காலத்திலிருந்து, கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகும் தைத்தவன், அதனால் சொல்கிறேன். மெஷின் பார்க்கப் போனால் டிசைனைக் கேட்காதே. முதலில் ஊசியிலிருந்து வலதுபக்கம் மெஷினோட தூண் வரைக்கும் எத்தனை அங்குலம் இருக்கிறது என்று டேப் வைத்துப் பார். வீட்டு மெஷினில் ஆறு, ஆறரை இருக்கும். போர்வையில் பாதியைச் சுருட்டி அந்தச் சந்துக்குள்தான் திணித்துத் தைக்க வேண்டும். பஞ்சு வைத்த ஐந்தடி அகலப் போர்வை என்றால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் எப்போதும் நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போகணும்.

செல்லூர் மாமா: இரண்டாவது, வாக்கிங் ஃபுட் என்று தனியாக ஒரு பாதம் உண்டு, அதை மாட்ட முடியுமா என்று கேள். சாதாரண மெஷினில் அடியில் இருக்கும் பல் மட்டும்தான் துணியை இழுக்கும். அடித்துணி போய்விடும், மேல்துணி பின்தங்கிக்கொண்டே வந்து கடைசியில் இரண்டு விரல் அளவு மிஞ்சிச் சுருங்கி நிற்கும். வாக்கிங் ஃபுட்டில் மேலேயும் பல் உண்டு, இரண்டும் சேர்ந்து நடக்கும். பூ, கொடி என்று துணியைக் கையால் சுற்றிச் சுற்றித் தைக்கிறதாக இருந்தால் மட்டும் அடிப்பல்லை இறக்குகிற வசதி வேண்டும். (தாத்தா இன்னும் நிறைய சொல்கிறார், எனக்கு நாளை பரீட்சை – பேத்தி)

பெங்களூர் தம்பி: அப்போ கார்மெண்ட்ஸில் வைத்திருக்கும் ஜூகி மெஷின் வாங்கினால்? உள்ளே இடம் நிறைய இருக்குமே மாமா.

செல்லூர் மாமா: இடம் இருக்கும், பத்து அங்குலத்துக்கு மேல். ஆனால் நாலடி மேஜையோடு வரும், திருநகர் வீட்டில் எங்கே போடுவாள்? கட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டா? கிளட்ச் மோட்டார் என்றால் தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும், சத்தமும் கிடையாது. ஏழு போர்வைக்கு அது தேவையில்லை.

மதினி: சித்தி, கோபமா? பேசாமல் இருக்கிறீர்கள்.

சித்தி (உசிலம்பட்டி): கோபம் எல்லாம் இல்லை. எங்க அம்மா எங்களுக்குப் போர்வை தைத்தது யாருக்கும் ஞாபகம் இல்லையா? கத்திரிக்கோலையே தொடமாட்டாங்க. சேலையை மூணாக மடித்து, நாலு ஓரமும் பிடித்து, நீளவாக்கில் கையாலேயே ஓட்டுத்தையல் போடுவாங்க. பஞ்சும் கிடையாது ஒன்றும் கிடையாது. மார்கழிப் பனிக்கு அதுதான்.

நான்: சித்தி, இது எனக்குத் தோன்றவே இல்லை. இருங்கள், மடித்துப் பார்க்கிறேன்.

நான்: (படம்) ஐந்தரை மீட்டர் சேலை, மூன்றாக மடித்தால் சரியாக ஆறடி நீளம் வருகிறது! அகலம் 46 அங்குலம். ஒரு ஆளுக்கு அளவெடுத்த மாதிரி. ஒரு சேலை, ஒரு போர்வை, ஒரு வெட்டு இல்லை. கொசுவம் வைத்த இடம் மட்டும் நைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் கை தெரிகிறது. சுங்குடிப் புள்ளி ஒவ்வொன்றிலும் முடிச்சு போட்ட சுருக்கம் இன்னும் இருக்கிறது, விரலால் தடவினால் தட்டுப்படுகிறது.

சித்தி (உசிலம்பட்டி): நைந்த மடிப்பை நடுவில் வை. இரண்டு பக்கமும் நல்ல துணி தாங்கிக்கொள்ளும். தைக்கிறதுக்கு முன்னால் தண்ணீரில் ஒரு தடவை அலசி எடுத்துவிடு, அந்தச் சிவப்பு இன்னும் சாயம் விட்டாலும் விடும்.

செல்லூர் மாமா: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பேத்தி இவ்வளவு அடித்திருக்க மாட்டாள். மூன்று மடிப்பு காட்டன், நேர்கோடு மட்டும் என்றால் கம்ப்யூட்டரும் வேண்டாம், பல் இறக்குகிறதும் வேண்டாம். பாதி அகலம் 23 அங்குலம்தான், சுருட்டினால் ஆறங்குலச் சந்தில் தாராளமாகப் போகும். வாக்கிங் ஃபுட் மாட்ட வசதியும், துணியை அமுக்கிப் பிடிக்கிற பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகும் இருக்கிற சாதாரண மோட்டார் மெஷின் போதும். பழைய துணியில் அழுத்தத்தைக் குறைத்து வை, இல்லையென்றால் நைந்த இடத்தை இழுத்துக் கிழித்துவிடும். 14-ஆம் நம்பர் ஊசி போடு, தையல் நீளம் 3 மில்லிமீட்டர். கரையில் ஜரிகை இருந்தால் அதன் மேல் ஓட்டாதே, ஊசி முனை போய்விடும்.

நான்: உஷாவா, சிங்கரா, பிரதரா மாமா?

செல்லூர் மாமா: பெயரைப் பார்த்து வாங்காதே. மடித்த சேலை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போ. கடைக்காரர் அவர் வைத்திருக்கும் மொடமொட துணியில் தைத்துக் காட்டுவார், அதில் எந்த மெஷினும் நன்றாகத்தான் தைக்கும். உன் துணியை வைத்து, ஓரத்தில் மடிப்பு ஏறுகிற இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார். அங்கே தையல் தாவவில்லை, நூல் அறவில்லை என்றால் அதை வாங்கு. ரிப்பேருக்கு ஆள் மதுரைக்குள்ளேயே இருக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்.

மதினி: சனிக்கிழமை நானும் வருகிறேன். என் மெஷினை மாற்றிக்கொள்வார்களா என்றும் கேட்டுவிடலாம். 21 டிசைன் இருக்கிறது, சொல்லி விற்றுவிடு 😂

சித்தி (உசிலம்பட்டி): மெஷின் எதுவானாலும் வாங்கு. அந்த மாம்பழக் கலர் சேலைப் போர்வை எனக்கு. பேரன் பேத்திக்கெல்லாம் மீதி ஆறு.