தெற்குத் தீவில் வரையாட்டு வேட்டை: போகலாமா?

கேள்வி: வால்பாறைக்காரன்

வணக்கம். சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். மே மாதக் கடைசியில் அலுவலக நண்பர்களோடு நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குப் போகிறேன். அவர்கள் ஒரு வழிகாட்டியிடம் இமய வரையாட்டு வேட்டைக்குப் பேசி வைத்திருக்கிறார்கள். அங்கே அதைத் 'தார்' என்கிறார்கள். ஆளுக்கொரு கடா, தலையைப் பாடம் செய்து வீட்டுக்கே அனுப்பிவிடுவார்களாம். ஆழியாறு மலைப்பாதையில் பஸ் ஜன்னல் வழியாக வரையாட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். துப்பாக்கியைத் தொட்டதும் இல்லை. இதற்குப் போகலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: நொய்யல்

போகாதீர்கள். நம் வரையாட்டை வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் பொழுதுபோக்காகச் சுட்டுத் தீர்த்தார்கள். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,031தான் இருந்தன. காசு கொடுத்து ஓர் உயிரைக் கொன்று சுவரில் மாட்டுவது எந்த நாட்டில் நடந்தாலும் தவறுதான்.

பதில்: டிமாரு வாசி

தம்பி, நான் தெற்குத் தீவில் டிமாருவில் குடியிருக்கிறேன், வேட்டைக்கும் போகிறவன். நொய்யல் சொல்வது நம் ஊருக்கு நூற்றுக்கு நூறு சரி. இங்கே கதை வேறு.

இந்த நாட்டில் தரையில் வாழும் பாலூட்டி என்று வௌவாலைத் தவிர எதுவும் இயற்கையாக இருந்ததில்லை. துப்பாக்கியோடு வருகிற பயணிகளுக்கு மலையில் சுட ஏதாவது வேண்டும் என்றுதான் 1904இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு பிரபுவின் பண்ணையிலிருந்து தார்களைக் கொண்டுவந்து மவுண்ட் குக் அடிவாரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை; பெருகிவிட்டன. 1930இலேயே அவற்றுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை நீக்கினார்கள். 10,000க்கு மேல் போகவிடக் கூடாது என்று 1993இல் திட்டம் போட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அரசு மதிப்பிட்டபோது பொது நிலத்தில் மட்டும் சுமார் 35,000 இருந்தன. பெட்டை மந்தை ஒன்று தங்கிப்போன சரிவை நீங்கள் பார்க்க வேண்டும். இடுப்புயரம் நிற்க வேண்டிய பனிப்புல் அடிக்கட்டையாகக் கிடக்கும், நடுவில் மண் பெயர்ந்து கல் தெரியும். மவுண்ட் குக் லில்லி என்னும் வெள்ளைப் பூச்செடி, ஆடு எட்டாத பாறை இடுக்கில் மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஆகவே சுடுவது தவறில்லை. ஆனால் உங்கள் நண்பர்கள் சுடப்போவது கடாவை. எனக்கு வருத்தம் அதில்தான். ஒரு கடா பல பெட்டைகளோடு சேரும். பத்துக் கடாக்களை வீழ்த்தினாலும் அடுத்த ஆண்டுக் குட்டிகளின் எண்ணிக்கை குறையாது. மலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பெட்டையைத்தான் சுட வேண்டும். பெட்டைக்கோ கொம்பு சிறியது, பிடரி கிடையாது; விமானம் ஏறி வருகிறவர்கள் யாருக்கும் அது வேண்டாம். 2020இல் அரசு பெருமளவில் சுட்டுக் குறைக்கத் திட்டமிட்டபோது வேட்டைக்காரர் தரப்பு நீதிமன்றத்துக்கே போனது. தேசியப் பூங்காக்களில் கடாக்களையும் சேர்த்துச் சுடுவது அவர்களுக்குப் பெரிய குறை.

கடா அழகுதான், மறுக்கவில்லை. மே கடைசியில் இனச்சேர்க்கைக் காலம். மாலையில் எதிர்ச்சரிவில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றிப் பைனாகுலரில் பாருங்கள். கறுத்த உடம்பு, வைக்கோல் நிறத்தில் முன்னங்கால் வரை தொங்கும் பிடரி. காற்றடித்தால் அது ஒரு பக்கமாகப் புரண்டு படியும். பெட்டைகள் அதைச் சுற்றி மேயும். அந்தக் காட்சிக்குக் காசு வேண்டாம், உரிமமும் வேண்டாம்.

சட்டம்: துப்பாக்கி உரிமம் உள்ள ஒருவர் கூடவே நின்று கண்காணித்தால் உங்களுக்குத் தனி உரிமம் தேவையில்லை. நீங்களே துப்பாக்கி வைத்துக்கொள்வதென்றால் வெளிநாட்டுப் பயணிக்கான உரிமம் முன்கூட்டியே வாங்க வேண்டும். பொது நிலத்தில் வேட்டையாட இயற்கைப் பாதுகாப்புத் துறை இலவச அனுமதிச் சீட்டு தருகிறது. வேலிக்குள் வளர்த்த மிருகத்தைக் கொம்பின் அளவுக்கு விலை வைத்துக் காட்டும் தனியார் நிலங்களும் உண்டு. அங்கே மட்டும் போகாதீர்கள், அது வேட்டையே இல்லை.

வழிகாட்டியிடம் பெட்டை வேட்டை கேளுங்கள். கட்டணமும் கடாவைவிடக் குறைவாகத்தான் சொல்வார்கள். இந்தப் பருவத்துக் கடாவின் கறி வீச்சமடிக்கும். பெட்டையின் தொடைக்கறியோ, சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டு நிதானமாக வேகவைத்தால் நம் வெள்ளாட்டுக் கறிக்குக் குறைவில்லை. நீங்களே சமைத்துச் சாப்பிடலாம், யாருக்கும் கொடுக்கலாம், விற்கக் கூடாது.

பதில்: வால்பாறைக்காரன்

மிக்க நன்றி, அண்ணா. ஒன்று மட்டும் உறுத்துகிறது. பெட்டையோடு குட்டி இருந்தால்? இது நம் வரையாட்டுக்குச் சொந்தம் வேறு அல்லவா?

பதில்: டிமாரு வாசி

சொந்தம் என்றுதான் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு 2005இல் நம்முடையதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். அது செம்மறிக்கு நெருக்கமாம்.

குட்டி விஷயத்தில் உங்களிடம் எதையும் மறைக்க மாட்டேன். இங்கே கோடை தொடங்கும் டிசம்பர் வாக்கில் பிறந்தவை மே கடைசிக்குள் புல் மேய்ந்து மந்தையோடு ஓடும். ஆனாலும் தாயை இழந்த குட்டி எல்லாமே பனிக்காலத்தைத் தாண்டும் என்று சொல்ல முடியாது. குட்டியில்லாத பெட்டை தனித்து நிற்கும் வரை நான் காத்திருப்பேன். சில மாலைகளில் அப்படி ஒன்றும் நிற்காது. துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவேன். உங்களுக்கு அப்போதும் மனம் வராவிட்டால் நண்பர்களிடம் சொல்லிவிட்டுப் பைனாகுலரோடு உட்காருங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

கடைசியாக இரண்டு. வடமேற்குக் காற்று மழையோடு வந்தால் இங்குள்ள ஆறுகள் சில மணி நேரத்தில் ஏறிவிடும். வழிகாட்டி திரும்பலாம் என்றால் பேச்சில்லாமல் திரும்புங்கள். பழைய மலைக்காலணி கொண்டு வந்தால் அடிப்பகுதி மண்ணைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, விமான நிலையப் படிவத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் இறங்கிய இடத்திலேயே அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.