‘மறையினம்’ வேண்டாம்; ‘மயங்குரு’ என்று சொல்லலாமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். நம் பட்டியலுக்காகக் கேட்கப்பட்ட கேள்வி இது:

> சிப்ளிங் ஸ்பீசிஸ் = உடன்பிறப்பினம், கிரிப்டிக் ஸ்பீசிஸ் = மறையினம். இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடலாமா?

ஐயா, கொஞ்சம் பொறுங்கள். உருவத்தில் ஒன்றுபோல் தோன்றினாலும் உண்மையில் வேறு வேறான சிற்றினங்களுக்கான சொற்கள் இவை. எனக்கு இரண்டுமே இடிக்கின்றன. முட்டையிட ரம்பம் போன்ற உறுப்புள்ள ரம்பப்பூச்சிகளை (சாஃப்ளை) வைத்தே காரணம் சொல்கிறேன். (‘ரம்ப ஈ’ என்று எழுதுவதையும் விட்டுவிடுவோம். ஈக்கு இறக்கை இரண்டு, இதற்கு நான்கு. இது குளவிக்கும் தேனீக்கும் உறவு. ‘ஈர்வாள்’ நல்ல பழஞ்சொல்தான், ஆனால் தச்சர் கையில் இன்று இருப்பது ரம்பம்.)

1930இல் கனடாவின் கிழக்கே, காஸ்பே தீபகற்பத்தின் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகளை ஒரு ரம்பப்பூச்சியின் புழுக்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. பாலிட்டோமா என்ற ஐரோப்பியச் சிற்றினம் வந்து சேர்ந்துவிட்டது என்றே எல்லோரும் எழுதினார்கள். பத்தாண்டு அப்படியே ஓடியது. பிறகு ஆய்வாளர் எஸ். ஜி. ஸ்மித் குரோமோசோம்களை எண்ணி 1941இல் வெளியிட்டார். பாலிட்டோமாவுக்கு ஒற்றைத் தொகுதியில் 6. கனடாப் பூச்சிக்கு 7. பாலிட்டோமாவில் கருவுறாத முட்டை ஆணாகும்; கனடாப் பூச்சியில் அதே கருவுறாத முட்டை பெண்ணாகும். ஆக, அது வேறு சிற்றினம்: ஹெர்சினியே. வேறு என்று தெரிந்தபின் உற்றுப் பார்த்தால், உடலிலும் நுணுக்கமான வேறுபாடுகள் இருக்கத்தான் செய்தன.

இதில் மறைந்திருந்தது எது? பூச்சி மரத்தில்தான் இருந்தது. நம் கண்தான் பழகவில்லை. ‘மறையினம்’ என்றால் ஒளிந்து வாழும் உயிர் என்றுதான் மாணவர் எடுத்துக்கொள்வார்.

‘உடன்பிறப்பினம்’ இன்னும் சிக்கல். உருவத்தில் ஒத்திருந்தும் தமக்குள் கலந்து பெருகாதவை என்பதே ‘சிப்ளிங் ஸ்பீசிஸ்’ என்பதற்கு 1942இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் தந்த பொருள். அதில் பிறப்புறவு பேச்சே இல்லை. ஒரே மூதாதையிலிருந்து இரண்டாகக் கிளைத்த ‘சிஸ்டர் ஸ்பீசிஸ்’ வேறு. ‘உடன்பிறப்பினம்’ என்ற சொல்லை அதற்கு எடுத்து வைக்க வேண்டும். வட அமெரிக்காவின் நியோடிப்ரியான் லெகான்டெய், நியோடிப்ரியான் பைனீட்டம் என்ற இரு ரம்பப்பூச்சிகளையும் பாருங்கள். மிக நெருங்கிய உறவு, கலப்பும் உண்டு. ஆனாலும் புழுவின் தலையைப் பார்த்தே பிரித்துவிடலாம்: முதலாவது செந்தலை, அடுத்தது கருந்தலை. உறவு ஒன்று, உருவ ஒப்புமை இன்னொன்று.

நான் தேடியது உருவக் குழப்பத்தைச் சொல்லும் சொல். அது நம் இலக்கணப் பாடத்திலேயே கிடைத்தது: மயங்கொலி. அலை, அளை, அழை மூன்றும் பழகாத காதுக்கு ஒன்றுபோல் விழும். ஆனால் மூன்றும் தனித்தனிச் சொற்கள். குழப்பம் கேட்பவரிடம்தான், எழுத்தில் இல்லை. நாக்கு எங்கே படுகிறது என்று கவனித்துவிட்டால் தீர்ந்தது. மயங்கு + ஒலி மயங்கொலி ஆவதுபோல, மயங்கு + உரு = மயங்குரு.

ரம்பப்பூச்சியைப் பிரிப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். வளர்ந்த பூச்சியின் நிறத்தை நம்ப முடியாது. பெண் பூச்சியின் வயிற்று நுனியிலிருந்து முட்டையிடும் ரம்பத்தை ஊசியால் பிரித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் பதித்து, நுண்ணோக்கியில் பல் வரிசையைப் பார்க்க வேண்டும். ரம்பம் ஒரு தேன்நிறத் தகடு, அதன் விளிம்பில் ஒன்றையொட்டி ஒன்றாகப் பற்கள். பல்லின் சரிவும் எண்ணிக்கையும்தான் சாட்சி. இலையைக் கீறி முட்டை செருகும் அந்தக் கருவி, பல நேரம் முழு உடலையும்விடத் தெளிவாகப் பேசுகிறது.

இன்னொரு வசதி. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘சிற்றினம்’, இலங்கையில் ‘இனம்’. ‘மயங்குரு’ அடைமொழியாக நிற்பதால் இரண்டோடும் ஒட்டும்: மயங்குருச் சிற்றினம், மயங்குரு இனம். குழுவாகச் சொல்ல மயங்குருத் தொகுதி. அனாபிலஸ் குலிசிஃபேசிஸ் கொசுவில் ‘ஏ’ முதல் ‘இ’ வரை (A–E) ஐந்து மயங்குருச் சிற்றினங்கள் உண்டு அல்லவா, ராமேசுவரத்தில் மலேரியா பரப்புவது ‘இ’ என்று கண்டார்களே, அந்தக் கட்டுரைகளைத் தமிழில் எழுதவும் இதுவே போதும்.

ஒரே தயக்கம்: வேகமாகப் படிக்கும்போது ‘குரு’ என்று கண் பிரித்துவிடுமோ? வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், எனக்குத் தடுக்கவில்லை. வகுப்பெடுப்பவர்கள் கரும்பலகையில் எழுதிப் பார்த்துச் சொல்லுங்கள். இலங்கை நண்பர்களின் கருத்து வந்தபின் பட்டியலில் ஏற்றலாம். அதுவரை ‘மறையினம்’ ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.