மேடை நிகழ்ச்சிகளுக்கு எஃப்/2.8 டெலிபோட்டோ லென்ஸுடன் எக்ஸ்டெண்டர் பொருத்துவது பயன் தருமா?

கேள்வி

வணக்கம். நாடக, நடன நிகழ்ச்சிகளை அரங்கின் பின்வரிசையில் அமர்ந்து படமெடுத்து வருகிறேன். மேடை ஏறத்தாழ 20 மீட்டர் தொலைவில் இருக்கும். என்னிடம் இருப்பவை 26 மெகாபிக்சல் கேனான் 6டி மார்க் 2 கேமராவும் எஃப்/4 அளவிலான 70-200 லென்ஸும். ஷட்டர் வேகத்தை 1/250 நொடியில் வைத்தால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 6400 வரை ஏறிவிடுகிறது. வேகத்தைக் குறைத்தால் ஆடுபவரின் விரல்கள் கலங்கிவிடுகின்றன. ஃபிளாஷுக்கு அனுமதி இல்லை. முகபாவங்களை இன்னும் நெருக்கமாக எடுக்க விரும்புவதால், எஃப்/2.8 அளவிலான 70-200 லென்ஸை வாங்கி லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் அமர்ந்து உருவத்தை இரு மடங்கு பெரிதாக்கும் 2எக்ஸ் எக்ஸ்டெண்டரைப் பொருத்தலாமா என்று எண்ணுகிறேன். 135 மி.மீ. எஃப்/2 லென்ஸையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

மறுமொழி 1

2எக்ஸ் எக்ஸ்டெண்டர் வேண்டாம் என்பதே என் கருத்து. எக்ஸ்டெண்டர் புதிதாக ஒளி எதையும் கொண்டு வருவதில்லை. லென்ஸ் திரட்டிய அதே ஒளியைப் பெரிய பரப்பில் விரித்துவிடுகிறது. ஆகவே 1.4எக்ஸ் ஒரு ஸ்டாப்பையும் 2எக்ஸ் இரண்டு ஸ்டாப்பையும் விழுங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகக் குறைவது). எஃப்/2.8 லென்ஸ் எஃப்/5.6 ஆகிவிட்டால், நீங்கள் சொன்ன அதே வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 12800 தேவைப்படும், அதாவது இன்று உள்ளதைவிட இரு மடங்கு. ஃபோகஸ் நகரும் வேகமும் குறையும்: கேனானின் மூன்றாம் தலைமுறை எக்ஸ்டெண்டர்களில் 1.4எக்ஸுடன் அது பாதியாகவும், 2எக்ஸுடன் கால்பங்காகவும் இறங்குகிறது.

தொலைவைக் கணக்கிட்டும் பாருங்கள். 20 மீட்டரிலிருந்து கேமராவைக் கிடையாகப் பிடித்தால் 200 மி.மீ. லென்ஸில் 2.4 மீட்டர் உயரம் தெரியும், 280இல் 1.7 மீட்டர், 400இல் 1.2 மீட்டர். 400 மி.மீ. வைத்தாலும் இடுப்புக்கு மேல்தான் கிடைக்குமே தவிர, முகம் மட்டும் சட்டத்தை நிரப்பாது. 1.4எக்ஸ் தரும் நெருக்கத்தை, எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டி (கிராப் செய்து) பெறலாம். 26 மெகாபிக்சலில் பாதி, அதாவது 13 மெகாபிக்சல் மிஞ்சும். எஃப்/2.8 லென்ஸை அப்படியே பயன்படுத்தி, மேடை முழுக்க வெளிச்சம் பாயும் காட்சிகளுக்கு மட்டும் 1.4எக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2

135 எஃப்/2 லென்ஸை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 1600 போதும். எஃப்/2இல் ஃபோகஸ் ஆழம் போதாதோ என்று அஞ்ச வேண்டாம். 20 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 2.5 மீட்டர் ஆழம் தெளிவாக இருக்கும். 1.4எக்ஸ் பொருத்தினால் அது 189 மி.மீ. எஃப்/2.8 லென்ஸாகிவிடும். எடை 750 கிராம், எஃப்/2.8 ஜூமின் எடையில் பாதி. அதில் ஐஎஸ் (நடுக்கத்தைச் சமன் செய்யும்) வசதி இல்லை. ஆனால் ஐஎஸ் நம் கையின் நடுக்கத்தைத்தான் தாங்கும், ஆடுபவரின் அசைவை நிறுத்தாது. இன்னொன்று: அதன் நிறம் கறுப்பு. இருண்ட அரங்கில் வெள்ளை லென்ஸைத் தூக்கும்போது பின்னால் இருப்பவர்களின் பார்வை மேடையை விட்டு அதன் மேல் விழுவதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன். ஆயினும் 20 மீட்டருக்கு 135 குறைவுதான். 12 மீட்டருக்குள் இடம் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

மறுமொழி 3

லென்ஸ் வாங்குமுன் ஒளியளவீட்டைச் சரிபாருங்கள். கறுத்த பின்னணியையும் சேர்த்துக் கேமரா அளந்தால், விளக்கொளியில் நிற்கும் முகம் வெளுத்துப்போவதோடு ஐஎஸ்ஓவும் வீணாக ஏறும். சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் முறையில் முகத்தை அளந்து மேனுவலில் வைத்தால், ஒரு ஸ்டாப்புக்கு மேலும் மிச்சமாவதுண்டு.

பின்னாளில் கேனானின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு மாறினாலும், இப்போதைய கேமராவுக்கான ஈஎஃப் வகை லென்ஸ்களை அடாப்டர் வழியே பயன்படுத்தலாம். ஆனால் மிரர்லெஸுக்கென்றே 2019இல் வந்த ஆர்எஃப் 70-200 எஃப்/2.8 லென்ஸ் எக்ஸ்டெண்டரை ஏற்காது; 2024இல் வந்த அதன் இசட் வகை ஏற்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இதுவரை முழுக் காட்சியையும் சேர்த்துத்தான் அளந்து வந்தேன். அடுத்த நிகழ்ச்சியில் ஸ்பாட் அளவீட்டைச் சோதித்துவிட்டு, ஈஎஃப் 70-200 எஃப்/2.8 வாங்கலாம் என்றிருக்கிறேன். இரண்டாம் பதிப்பே போதுமா?

மறுமொழி 1 எழுதியவர்

இரண்டாம், மூன்றாம் பதிப்புகளின் கண்ணாடி அமைப்பு ஒன்றே. மூன்றாவதில் பூச்சு மேம்பட்டிருப்பதால், மேடையின் பின்விளக்குகள் நேராக லென்ஸில் விழும்போது ஒளிச்சிதறல் குறைகிறது. அப்படிப்பட்ட காட்சிகளை நீங்கள் அதிகம் எடுப்பதில்லை என்றால் இரண்டாம் பதிப்பே போதும்.