ஒரே பயணத்தில் இரண்டு வேட்டை ஏற்பாட்டாளர்கள்: அனுபவமுள்ளோரின் ஆலோசனை தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஜூன் மாதம் நானும் என் மைத்துனரும் தென்னாப்பிரிக்காவில் பன்னிரண்டு நாள் வேட்டைப் பயணம் செல்லவிருக்கிறோம். கிழக்கு கேப் மாகாணத்தில் ஸ்பிரிங்பாக், குடு மான்களுக்கு ஓர் ஏற்பாட்டாளரையும், லிம்போபோ மாகாணத்தின் முட்புதர்க் காட்டில் ஜெம்ஸ்பாக் மானுக்கு இன்னொருவரையும் அமர்த்த எண்ணியுள்ளோம். இருவரும் தனித்தனியே நல்லவர்களாகத் தெரிந்தாலும், ஒருவர் பொறுப்பு முடிந்து மற்றவர் பொறுப்பு தொடங்கும் இடைவெளிதான் என்னை உறுத்துகிறது.

முதல் கவலை துப்பாக்கி. ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் துப்பாக்கியைத் தற்காலிகமாக நாட்டுக்குள் கொண்டுவருவதற்கான காவல்துறையின் 520ஆம் எண் படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்பி, கையொப்பத்தை மட்டும் அதிகாரியின் முன்னிலையில் இட வேண்டும் என்பது தெரியும். ஆனால் அதனுடன் இணைக்க ஒருவரின் அழைப்புக் கடிதம் போதுமா, இருவருடையதும் வேண்டுமா? வேட்டை உரிமங்கள் மாகாணவாரியாக வழங்கப்படுவதால், முதலாமவரின் வழிகாட்டியையே லிம்போபோவுக்கும் அழைத்துச் செல்வது எளிதன்று என்றே நினைக்கிறேன்.

அடுத்தது, கொம்புகளும் தோல்களும். கிழக்கு கேப்பில் உப்பிட்டு உலர்த்தியவற்றை லிம்போபோவில் பாடம் செய்பவரிடம் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அனுப்பியவர்கள் இருந்தால், போக்குவரத்து அனுமதிகளை யார் பெற்றுத் தந்தார்கள் என்று கூறுங்கள். கிழக்கு கேப்பின் க்கெபெர்ஹாவிலிருந்து (முன்பு போர்ட் எலிசபெத்) ஜோகன்னஸ்பர்க் வரையிலான ஆயிரம் கிலோமீட்டரைத் துப்பாக்கியுடன் காரில் கடப்பதா, உள்நாட்டு விமானத்தில் செல்வதா என்பதையும் தெரிவித்தால், முன்பணம் கட்டுவதற்குள் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.