ரிட்டர்ன் குறையவே மாட்டேன் என்கிறது, கூரியர் செலவும் ஏறுகிறது: எதை முதலில் பிடிப்பது?

ஆடைக்கடை நிர்வாகி:
வணக்கம். ஆயத்த ஆடைகளும் கொஞ்சம் வீட்டு உபயோகப் பொருட்களும் கடையிலும் ஆன்லைனிலும் விற்கிறோம். விற்பனைக்குக் குறையில்லை, ஆனால் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கூரியர் பில்லும் ரிட்டர்னும் லாபத்தைத் தின்றுவிடுகின்றன. திரும்பி வந்த சரக்கு கிடங்கு மூலையில் பிரிக்காமலே கிடக்கிறது. கூரியரை மாற்றலாமா, ரிட்டர்ன் விதிகளை இறுக்கலாமா என்று முதலாளி கேட்கிறார். என்ன சொல்வது?

கிடங்கு மேலாளர்:
மாற்றுவதற்கு முன்னால் பில்லில் எடை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பல கூரியர்கள் நிஜ எடையோடு வால்யூமெட்ரிக் எடையையும் (பெட்டி அடைக்கும் இடத்தை வைத்துப் போடும் எடை) கணக்கிட்டு, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுப்பார்கள். 40×30×20 பெட்டி என்றால் 4.8 கிலோ. அதற்குள் 1 கிலோ துணிதான் இருந்தாலும் கட்டுவது 4.8 கிலோவுக்கு. அதே துணி 30×25×12 பெட்டிக்குள் அடங்கினால் 1.8 கிலோதான். காற்றை அனுப்பக் காசு கொடுத்துக்கொண்டு எந்தக் கூரியருக்கு மாறினாலும் பில் பெரிதாக இறங்காது. ஒரே ஆர்டர் இரண்டு கிடங்கிலிருந்து இரண்டு பார்சலாகப் போகிறதா என்பதையும் பாருங்கள், அதுவும் சத்தமில்லாமல் செலவை ஏற்றும்.

தர ஆய்வாளர்:
பெட்டியைச் சின்னதாக்குவது துணிக்குச் சரி. கண்ணாடி, பீங்கான் சாமான்களுக்கு அப்படியே செய்யாதீர்கள், சுற்றிலும் மெத்தைக்கு இடம் வேண்டும். உடைந்து திரும்பினால் போகும் செலவு, வரும் செலவு, பொருள் மூன்றும் நஷ்டம்.

விதியை இறுக்குவது கடைசி வழி. முதலில் உங்கள் ரிட்டர்ன் படிவத்தில் காரணங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பாருங்கள். ‘பிடிக்கவில்லை’ மேலே இருந்தால் அவசரத்தில் நிறையப் பேர் அதையே தட்டுவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. ‘தோளில் இறுக்கிப் பிடிக்கிறது’, ‘நீளம் குறைவு’, ‘நிறம் படத்தில் பார்த்தது போல் இல்லை’, ‘வேறு பொருள் வந்தது’ என்று பிரித்துக் கேளுங்கள். அப்புறம் மொத்த சதவீதத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே சட்டையில் எல் (L) அளவு மட்டும் அதிகமாகத் திரும்புகிறது என்றால் தையலில் அளவு தவறியிருக்கலாம், லேபிள் மாறியிருக்கலாம். அதற்காக எல்லா வாடிக்கையாளருக்கும் விதியை இறுக்குவது நியாயமே இல்லை. அளவு அட்டவணையில் இருப்பது உடல் அளவா, துணியின் அளவா என்றும் தெளிவாகப் போடுங்கள். அது தெரியாததால்தான் பலர் இரண்டு அளவு வாங்கி ஒன்றைத் திருப்புகிறார்கள்.

ஆடைக்கடை நிர்வாகி:
படிவத்தில் முதல் வரியே ‘பிடிக்கவில்லை’தான், இன்றே மாற்றச் சொல்கிறேன். மூலையில் கிடக்கும் சரக்கை என்ன செய்வது? பிரித்துப் பார்க்கத் தனியாக ஆள் இல்லை.

போக்குவரத்துப் பொறுப்பாளர்:
ஆள் இல்லை என்றாலும் அதைத்தான் முதலில் எடுங்கள். அது பணம், அதிலும் சீசன் துணி என்றால் நாளாக ஆக மதிப்பு இறங்கும் பணம். பேக்கிங் ஆட்களில் ஒருவரைத் தினமும் காலையில் முதல் வேலையாக இதற்கு உட்கார வையுங்கள். வந்ததைப் பிரித்து, பார்கோடு ஸ்கேன் செய்து, அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும்: அப்படியே விற்கலாம், இஸ்திரி போட்டுப் புதுக் கவரில் விற்கலாம், தள்ளுபடிக்குப் போகட்டும், சப்ளையருக்கே திருப்பலாம். ஸ்டாக் கணக்கில் உடனே ஏற்றாவிட்டால் கையில் இருக்கும் பொருளையே மறுபடி ஆர்டர் போடுவீர்கள்.

இன்னொன்று, கிளைக் கடைகளுக்குச் சரக்கு இறக்கிவிட்டு வரும் வண்டி பெரும்பாலும் காலியாகத்தானே திரும்பும்? வாடிக்கையாளர் கடையிலேயே கொடுக்கட்டும், அந்த வண்டியிலேயே கிடங்குக்கு ஏற்றி அனுப்புங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகக் கூரியர் பிக்கப் போடுவதைவிட இது எவ்வளவோ மலிவு. கடையில் திரும்ப வாங்கும்போதே பொருளைப் பார்த்துவிட்டால் அந்த இடத்திலேயே வேறு அளவு கொடுத்து அனுப்பலாம், பணத்தைத் திருப்பித் தரும் பேச்சே வராது.